பீடம் எங்கே இருக்க வேண்டும்? ஆங்கிலிக்கன் பங்குகள் நமக்குச் சொல்லும் பாடம்



ஒவ்வோர் ஆண்டும் சனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒன்றிப்புக்காக நாம் சிறப்பாகச் செபிக்கிறோம். இந்த வழக்கம் 1908-இல் அமெரிக்காவில் தொடங்கியது. தொடங்கி வைத்தவர் அருள்பணி பால் வாட்சன். அப்போது அவர் கத்தோலிக்கர் அல்லர். ஆங்கிலிக்கன் மரபைச் சேர்ந்த எப்பிஸ்கோப்பல் சபையின் துறவி. மறு ஆண்டுதான் அவரும் அவருடைய துறவுக் குழுவினரும் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார்கள். ஆகவே ஒன்றிப்பு வாரத்தில் ஆங்கிலிக்கன் சகோதரர்களைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது நமக்குப் பொருத்தமானது.

அவர்களுடைய வரலாறு முழுவதையும் ஒரே நாளில் பேசிவிட முடியாது. ஒரே ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள்வோம். அவர்களுடைய ஆலயங்களில் இருக்கும் பீடம். அது எங்கே இருக்க வேண்டும்? சுவரை ஒட்டியா, மக்கள் நடுவிலா? குருவானவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்? சிறிய கேள்விகள் போலத் தோன்றலாம். இந்தக் கேள்விகளுக்காக இங்கிலாந்தில் ஊர்கள் இரண்டுபட்டிருக்கின்றன. வழக்குகள் நடந்திருக்கின்றன. சிலர் சிறைக்கும் போயிருக்கிறார்கள்.

நமக்கும் இது அந்நியமான கேள்வி அல்ல. பங்குப் பேரவைக் கூட்டத்தில் யாராவது எழுந்து, "பீடத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் என்ன?" என்று கேட்கட்டும். அடுத்த ஒரு மணி நேரம் அந்தக் கூட்டம் எப்படிப் போகும் என்பது நமக்குத் தெரியும். ஆகவே அடுத்த வீட்டுக் கதையாக எண்ணாமல், நம் வீட்டுக்கும் பயன்படும் கதையாக இதைக் கேட்போம்.

கல்பீடம் போனது, மரமேசை வந்தது

முதலில் அந்தப் பழைய ஆலயங்களின் அமைப்பை மனக்கண் முன் கொண்டுவருவோம். மேற்குப் பக்கம் நுழைந்தால் மக்கள் கூடும் நீண்ட நடுக்கூடம். அதைத் தாண்டி ஒரு மரத்தடுப்பு. தடுப்புக்கு அப்பால் தூயகம். தூயகத்தின் கோடியில், கிழக்குச் சுவரை ஒட்டிக் கல்லால் ஆன பீடம். குருவும் மக்களும் ஒரே திசையில், கிழக்கு நோக்கி நின்று செபித்தார்கள். 16-ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தின் ஆலயங்கள் இப்படித்தான் இருந்தன. அவை அன்று நம்முடைய ஆலயங்களே.

உரோமையிலிருந்து இங்கிலாந்து பிரிந்தபின், ஆறாம் எட்வர்டு அரசரின் காலத்தில் பெரிய மாற்றம் வந்தது. 1550-இல் இலண்டன் ஆயர் நிக்கோலஸ் ரிட்லி, தம் மறைமாவட்டத்தில் கல்பீடங்களை அகற்றி மரமேசைகளை வைக்கச் சொன்னார். அதே ஆண்டில் அரசவையும் நாடு முழுவதற்கும் அவ்வாறே ஆணையிட்டது. அவர்கள் சொன்ன காரணம் எளிமையானது: பீடம் என்பது பலியிடும் இடம், மேசை என்பது உண்ணும் இடம், ஆண்டவருடைய விருந்தில் பங்குகொள்ள வருகிறவர்களுக்கு மேசைதான் தேவை.

கத்தோலிக்கர்களாகிய நாம் இதை ஏற்பதில்லை. நமக்கு அது பலிபீடமும்தான், ஆண்டவரின் பந்தியும்தான். ஒன்றை வைத்து மற்றொன்றை விலக்குவதில்லை. ஆனால் ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். அன்று மேசையை நகர்த்தியவர்கள் இட வசதிக்காக நகர்த்தவில்லை. இந்த வழிபாட்டில் என்ன நடக்கிறது என்ற நம்பிக்கையே அந்த இடமாற்றத்தில் அடங்கியிருந்தது. பிற்காலத்துச் சண்டைகள் எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

1552-இல் திருத்தி வெளியிடப்பட்ட பொதுச் செபப் புத்தகம் மேசைக்குரிய ஒழுங்கைத் தந்தது. திருவிருந்து நேரத்தில் வெள்ளைத் துணி விரித்த மேசை நடுக்கூடத்திலோ தூயகத்திலோ நிற்க வேண்டும்; குருவானவர் அதன் வடக்குப் பக்கம் நிற்க வேண்டும். பழைய பீடம் போல அது குறுக்காக வைக்கப்படவில்லை. ஆலயத்தின் நீளவாக்கில், வீட்டில் சாப்பாட்டு மேசை போடுவது போலப் போடப்பட்டது. சுற்றிலும் மக்கள், நீண்ட பக்கம் ஒன்றின் நடுவில் குரு. எல்லாரும் பார்க்கலாம், எல்லாரும் கேட்கலாம்.

அடுத்த ஆண்டே எட்வர்டு இறந்தார். கத்தோலிக்க அரசி மேரி வந்தார். கல்பீடங்களும் திரும்பி வந்தன. ஆயர் ரிட்லி 1555-இல் ஆக்ஸ்போர்டில் உயிரோடு எரிக்கப்பட்டார். இதை நாம் வேதனையோடுதான் நினைவுகூர வேண்டும். பின்னர் எலிசபெத் அரசியின் ஆட்சியில் கத்தோலிக்கக் குருக்கள் கொல்லப்பட்டார்கள். காயம் இரு பக்கமும் உண்டு.

எலிசபெத்தின் அரசு 1559-இல் ஒரு நடுவழியைத் தேடியது. மற்ற நேரங்களில் மேசை பழைய பீடம் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். திருவிருந்து நேரத்தில் மட்டும் தூயகத்துக்குள் வசதியான இடத்துக்கு நகர்த்தப்படட்டும் என்றது. ஒரு சாதாரணக் கிராமத்து விசுவாசியை எண்ணிப் பாருங்கள். பத்தே ஆண்டுகளுக்குள் அவருடைய ஆலயத்தில் கல்பீடம் போய் மேசை வந்தது. மேசை போய்ப் பீடம் வந்தது. மறுபடி பீடம் போய் மேசை வந்தது. ஒருமுறைகூட அவரை யாரும் கேட்கவில்லை.

கிரான்தம் ஊரில் நடந்தது

நடுவழி என்பது நடைமுறையில் தொல்லையாயிற்று. ஞாயிறுதோறும் கனமான மேசையை யார் தூக்கி வைப்பது? பல பங்குகளில் மேசை நடுவிலேயே நின்றுவிட்டது. நடுவில் நின்ற மேசைக்கு மரியாதை குறைந்தது. அதன் மேல் தொப்பியை வைக்கிறார்கள், ஆலயக் கணக்கு பார்க்கிறார்கள், பள்ளிச் சிறுவர் எழுதப் பழகுகிறார்கள் என்றெல்லாம் புகார்கள் எழுந்தன. இன்னும் சில பங்குகளிலோ மேசை சுவரோரமே தங்கிவிட்டது.

1627-இல் லிங்கன் மறைமாவட்டத்தைச் சேர்ந்த கிரான்தம் என்னும் ஊரில் பங்குக் குருவானவர் ஒரு முடிவு செய்தார். மேசையைக் கிழக்குச் சுவரோரம், பழைய பீடம் போலக் குறுக்காக வைத்தார். ஊர்த் தலைவருக்கு இது பிடிக்கவில்லை. அவர் ஆள்களோடு வந்து மேசையைப் பழைய இடத்துக்கு இழுத்தார். குருவானவர் தடுத்தார். ஆலயத்துக்குள்ளேயே, ஆண்டவருடைய மேசையைப் பிடித்துக்கொண்டு, தள்ளுமுள்ளு நடந்தது. "என் சொந்தச் செலவிலேயே கல்பீடம் கட்டிவிடுவேன்" என்று குருவானவர் சொன்னதாக ஊரில் பேச்சு பரவியது. கடைசியில் இரு தரப்பும் லிங்கன் ஆயர் ஜான் வில்லியம்சிடம் போனார்கள்.

ஆயர் அந்தக் குருவானவருக்கு எழுதிய கடிதம் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. சட்டம் என்ன சொல்கிறது என்பதை அவர் விளக்கினார். மேசை மேசையாகத்தான் நிற்க வேண்டும், குருவின் குரல் மக்களுக்கு நன்கு கேட்கும் இடத்தில் நிற்க வேண்டும் என்பது அவர் கருத்து. இத்தனைக்கும் அவருடைய சொந்தச் சிற்றாலயத்தில் மேசை பீடம் போலச் சுவரோரம்தான் இருந்தது. தம் விருப்பம் ஒன்று, பங்கு மக்களின் வழக்கம் வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

கடிதத்தின் முடிவில் அவர் சொன்னதுதான் நம் நெஞ்சில் நிற்க வேண்டியது. குருவானவரும் பங்கு மக்களும் ஆகிய இரு தரப்பில் எவர் முதலில் விட்டுக்கொடுக்கிறாரோ, அவரே தம் கண்ணுக்கு அதிக விவேகமும் அறிவும் உள்ளவர் என்று எழுதினார். ஆன்மாக்களை மேய்க்கும் பணியில் இன்னும் கொஞ்சம் அனுபவம் வந்தபின், கிறிஸ்தவ அன்புக்கு ஈடான சடங்கு எதுவும் இல்லை என்பதை நீரே உணர்வீர் என்றும் முடித்தார்.

அந்த அறிவுரையை நாடு கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்கவில்லை. 1633-இல் வில்லியம் லாட் கேன்டர்பரி பேராயரானார். ஆண்டவருடைய இல்லத்துக்கு அழகும் வணக்கமும் வேண்டும் என்பது அவருடைய ஆழ்ந்த ஆவல். அதே ஆண்டு இலண்டனில் ஒரு பங்கின் வழக்கை அரசர் முதலாம் சார்லஸ் தம் அரசவையோடு அமர்ந்து கேட்டு, சுவரோரம் வைக்கப்பட்ட மேசை அங்கேயே இருக்கட்டும் என்று தீர்த்தார். அதன்பின் பல மறைமாவட்டங்களில் மேசைகளைச் சுவரோரம் வைத்து, முன்னால் கிராதி அடைக்கச் சொன்னார்கள். நாரிச் ஆயர் 1636-இல் தந்த ஆணையில், கிராதியின் தூண்கள் நாய்கள் நுழைய முடியாதபடி நெருக்கமாக இருக்க வேண்டும் என்றுகூட இருந்தது. அன்று நாய்களும் ஆலயத்துக்கு வந்தன!

நோக்கம் நல்லதுதான். ஆனால் வந்த வழி கட்டளை. சாமர்செட் பகுதியில் பெக்கிங்டன் என்னும் ஊரின் ஆலய நிர்வாகிகள் மேசையை நகர்த்த மறுத்தார்கள். அவர்கள் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டு, சிறையிலும் அடைக்கப்பட்டார்கள். கிரான்தம் கடிதமோ 1636-லும் 1637-லும் புத்தகப் போராக மாறியது. வில்லியம்சின் கடிதத்தைத் தாக்கி ஒருவர் எழுத, வில்லியம்ஸ் பதில் நூல் எழுதினார். விட்டுக்கொடுக்கச் சொன்ன கடிதமே சண்டைக்குக் கருவியானது.

பிறகு காற்று திசை மாறியது. 1641 செப்டம்பரில் நாடாளுமன்றத்தின் மக்களவை, மேசைகளைச் சுவரோரத்திலிருந்து எடுக்கவும் கிராதிகளை அகற்றவும் ஆணையிட்டது. நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது. பேராயர் லாட் 1645-இல் தலை வெட்டப்பட்டு இறந்தார். போருக்கும் அவருடைய மரணத்துக்கும் மேசை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் மக்களின் கோபத்துக்கு விறகு சேர்த்தவற்றில் அந்தக் கிராதிகளும் உண்டு.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. 1660-இல் முடியாட்சி திரும்பியபின், ஆங்கிலிக்கன் பங்குகளில் மேசைகள் மெல்ல மெல்லச் சுவரோரம் திரும்பின, கிராதிகளும் வந்தன. இம்முறை பெரிய போராட்டம் எதுவும் இல்லை. கட்டளையால் முடியாதது காலத்தாலும் பொறுமையாலும் முடிந்தது. ஒரு சிறிய குழப்பம் மட்டும் மிஞ்சியது. 1662-இன் செபப் புத்தகத்தில் "வடக்குப் பக்கம்" என்ற பழைய விதி அப்படியே இருந்தது. மேசையோ இப்போது திரும்பிவிட்டது. ஆகவே குருவானவர் மேசையின் குறுகிய வடக்கு ஓரத்தில், மக்களுக்குப் பக்கவாட்டில் நின்று திருவிருந்து நடத்தலானார். இந்த வழக்கம் பல பங்குகளில் 20-ஆம் நூற்றாண்டு வரை நீடித்தது.

தூரமாகிப் போன பீடம்

19-ஆம் நூற்றாண்டில் ஆக்ஸ்போர்டு இயக்கம் எழுந்தது. பழைய கத்தோலிக்க மரபின் செல்வத்தை ஆங்கிலிக்கன் சபையில் மீட்க விரும்பியவர்கள் அவர்கள். புனித ஜான் ஹென்றி நியூமன் அந்த இயக்கத்தில்தான் வளர்ந்தார். பின்னர் நம் திருச்சபைக்கு வந்தார். அவ்வழி நின்ற குருக்கள் மக்களோடு சேர்ந்து கிழக்கு நோக்கி நின்று வழிபாடு நடத்தத் தொடங்கினார்கள். எதிர்ப்பு கிளம்பியது. கேம்பிரிட்ஜ் நகர ஆலயம் ஒன்றில் வைக்கப்பட்ட கல்பீடம் சட்டத்துக்கு முரண் என்று 1845-இல் திருச்சபை நீதிமன்றம் தீர்த்தது. 1874-இல் நாடாளுமன்றம் வழிபாட்டை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. அதன் தொடர்பாக ஐந்து குருக்கள் சிறை சென்றார்கள். ஒருவர் ஓராண்டுக்கும் மேலாக லங்காஸ்டர் கோட்டைச் சிறையில் இருந்தார். கடைசியில் 1890-இல் கேன்டர்பரி பேராயர் பென்சன், கிழக்கு நோக்கி நிற்பது குற்றமல்ல என்று தீர்ப்பளித்தார்.

அதே நூற்றாண்டில் இன்னொன்றும் நடந்தது. வெள்ளை அங்கி அணிந்த பாடகர் குழுவைத் தூயகத்துக்குள், பீடத்துக்கு முன்னால் இரு வரிசையாக அமர வைக்கும் வழக்கம் பங்குகளுக்குப் பரவியது. பாடல் இனிமையாயிற்று. ஆனால் மக்களுக்கும் பீடத்துக்கும் இடையில் பாடகர் இருக்கைகள் வந்துவிட்டன. பெரும்பாலான பங்குகளில் ஞாயிறு முக்கிய வழிபாடு காலைச் செபமாகவே இருந்ததால் இது உறுத்தவில்லை. திருவிருந்து காலை 8 மணிக்கு ஒரு சிலருக்கு மட்டும் நடந்தது.

20-ஆம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கேப்ரியல் ஹீபர்ட் என்ற ஆங்கிலிக்கன் துறவி 1935-லும் 1937-லும் வெளியிட்ட நூல்கள் வழியாக ஒரு கருத்து பரவியது: ஞாயிறு அன்று பங்கு முழுவதும் ஒரே குடும்பமாகக் கூடிச் செய்யும் முக்கிய வழிபாடு திருவிருந்தாகவே இருக்க வேண்டும். நல்ல கருத்து. ஆனால் திருவிருந்து முக்கிய வழிபாடானதும், பீடம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மக்கள் முதன்முறையாக உணர்ந்தார்கள். பின்வரிசையில் இருக்கும் மூதாட்டிக்குக் குருவின் குரல் கேட்கவில்லை. குழந்தைகளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே பீடம் மறுபடி நகரத் தொடங்கியது. குண்டுவீச்சில் அழிந்த ஆலயத்துக்குப் பதிலாகக் கிழக்கு இலண்டனில் கட்டப்பட்ட போ காமன் தூய பவுல் ஆலயம் 1960-இல் அர்ச்சிக்கப்பட்டது. அங்கே பீடம் சுவரை விட்டு வந்து, கண்ணாடிக் கூரைமாடத்தின் ஒளியின் கீழ், மக்கள் சூழ நின்றது. 1964-இல் இங்கிலாந்தில் மேசை மரமாகவும் இருக்கலாம், கல்லாகவும் இருக்கலாம், நகர்த்தக்கூடியதாகவும் நிலையானதாகவும் இருக்கலாம் என்று சட்டமே தெளிவாக்கியது. அதே 1964-இல்தான் உரோமையிலிருந்து வந்த அறிவுரை, நம் ஆலயங்களிலும் முதன்மைப் பீடத்தைச் சுவரிலிருந்து பிரித்து, சுற்றி வரவும் மக்களை நோக்கி நின்று பலி ஒப்புக்கொடுக்கவும் வசதியாக அமைப்பது நல்லது என்றது. நாமும் அவர்களும் ஒரே காலத்தில் ஒரே கேள்வியோடு போராடினோம்.

லிவர்பூல் நகரில் இதைக் கண்ணாரக் காணலாம். அங்கே கத்தோலிக்கப் பேராலயம் 1967-இல் அர்ச்சிக்கப்பட்டது. வட்ட வடிவம், நடுவில் பீடம். ஆங்கிலிக்கன் பேராலயமோ மிக நீண்டது. உயர்பீடம் அதன் கோடியில். ஆங்கிலிக்கன் பேராலயத்தை வடிவமைத்தவர் ஒரு கத்தோலிக்கர். கத்தோலிக்கப் பேராலயத்தை வடிவமைத்தவர் கத்தோலிக்கர் அல்லாதவர். இரண்டையும் இணைக்கும் தெருவின் பெயர் என்ன தெரியுமா? நம்பிக்கைத் தெரு.

நம் மண்ணிலிருந்து போன ஒரு கொடை

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை தூய ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபினர் ஒன்றாகி, நாம் சி.எஸ்.ஐ. என்று அழைக்கும் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சுவரோரப் பீடத்துக்குப் பழகியவர்களும், மேசையைச் சுற்றி அமர்ந்து பழகியவர்களும் இனி ஒரே குடும்பம். மேசையை எங்கே வைப்பது?

1950-இல் வெளிவந்த அவர்களுடைய புதிய திருவிருந்து ஒழுங்கு, குருவானவர் மேசைக்குப் பின்னால் மக்களை நோக்கி நிற்கும் முறையை முன்வைத்தது. இது தொடக்க காலத் திருச்சபையின் பழைய வழக்கம் என்று அவர்கள் கருதினார்கள். யாருடைய பழைய வழக்கமும் மற்றவர் மேல் சுமத்தப்படவில்லை. அந்த ஒழுங்கில் இன்னொரு அழகும் இருந்தது. மேசையிலிருந்து தொடங்கும் சமாதானம், கையிலிருந்து கைக்கு மக்கள் எல்லாரிடமும் போய்ச் சேரும். உலகெங்கும் ஆங்கிலிக்கன் வழிபாட்டைப் புதுப்பித்தவர்கள் இந்தத் தென்னிந்திய ஒழுங்கிலிருந்து நிறையக் கற்றுக்கொண்டார்கள்.

மக்கள் ஏன் மறுக்கிறார்கள்?

சரி, இன்று ஓர் ஆங்கிலிக்கன் பங்கில் பீடத்தை நகர்த்தும் பேச்சு எழுந்தால் என்ன ஆகிறது? இரு குரல்கள் கேட்கும்.

ஒரு தரப்பு சொல்லும்: பீடம் அருகில் வரட்டும். குருவின் முகம் தெரியட்டும். நாங்கள் பார்வையாளர்கள் அல்லர், பங்கேற்பவர்கள். மறு தரப்பு சொல்லும்: அந்தக் கோடியில் இருக்கும் பீடத்தைப் பார்க்கும்போதுதான் எங்கள் உள்ளம் மேலே எழுகிறது. எல்லாரும் ஒரே திசை நோக்கி ஆண்டவருக்காகக் காத்திருப்பதில் பொருள் உண்டு. அந்தப் படியருகில்தான் எங்கள் திருமணம் நடந்தது. பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சிற்பவேலை முதல் உலகப் போரில் இறந்த எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் நினைவாக வைக்கப்பட்டது.

இவற்றை வெறும் பழக்கதோசம் என்று தள்ளிவிட முடியுமா? முடியாது. இரு தரப்பும் கேட்பது ஒன்றே: ஆண்டவருக்கு அருகில் இருக்க வேண்டும். ஒருவருக்கு அருகாமை என்பது முகம் பார்ப்பது. இன்னொருவருக்கு அருகாமை என்பது தலை வணங்குவது. நம் கத்தோலிக்க மரபும் இரண்டையும் அறியும்.

இங்கிலாந்துத் திருச்சபை பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று உண்டு. ஆலயத்தில் இத்தகைய மாற்றத்தைக் குருவானவர் தம் விருப்பப்படி செய்துவிட முடியாது. பங்குப் பேரவையின் பெரும்பான்மையும் செய்துவிட முடியாது. மறைமாவட்டத்தின் ஆலோசனைக் குழுவிடம் கருத்துக் கேட்க வேண்டும். பிறகு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பை 28 நாள்கள் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டி வைக்க வேண்டும். பங்கைச் சேர்ந்த எவரும் மறுப்பு எழுதலாம். மறைமாவட்ட நீதிபதி இரு பக்கமும் கேட்டுத் தீர்ப்பார். கட்டடத்தைத் தொடாத சிறு மாற்றம் என்றால், தலைமைக் குருவின் அனுமதியோடு குறிப்பிட்ட காலத்துக்குத் தற்காலிகமாகச் செய்து பார்க்கவும் வழி உண்டு. பிடிக்கவில்லையென்றால் பழையபடி வைத்துவிடலாம்.

இந்த வழியில் முடிந்த ஒரு பெரிய வழக்கைச் சொல்லலாம். இலண்டன் வால்புரூக்கில் தூய ஸ்தேவான் ஆலயம் இருக்கிறது. பெரும் தீவிபத்துக்குப்பின் கிறிஸ்டோபர் ரென் 1672-இல் தொடங்கிக் கட்டிய அழகிய மாட ஆலயம் அது. புகழ்பெற்ற சிற்பி ஹென்றி மூர் செதுக்கிய வட்டமான கல்பீடத்தை மாடத்தின் நேர் கீழே வைக்க விரும்பினார்கள். ஒரு பாறையைப் போன்ற அந்தக் கல்லை மேசை என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுந்தது. 1986-இல் மறைமாவட்ட நீதிமன்றம் மறுத்தது. 1987-இல் ஆயர்களும் நீதிபதிகளும் அமர்ந்த மேல் நீதிமன்றம் அனுமதித்தது. இன்று மக்கள் அந்தக் கல்லைச் சுற்றி வட்டமாக அமர்ந்து வழிபடுகிறார்கள். 350 ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்குக் கைகலப்பும் சிறையும்தான் பதிலாக இருந்தன. இப்போது பதில் பொறுமையாகக் கேட்பது. இது சிறிய முன்னேற்றம் அல்ல.

இன்னும் எளிமையான தீர்வும் பல பங்குகளில் உண்டு. ஞாயிறு காலை 8 மணிக்குப் பழைய செபப் புத்தகத்தின்படி கோடியில் இருக்கும் பழைய பீடத்தில் வழிபாடு. பிறகு 10 மணியளவில் நடுக்கூடத்தின் முன்பகுதியில் வைத்த பீடத்தில், மக்கள் சூழ, குடும்ப வழிபாடு. இதில் ஓர் ஆபத்தும் உண்டு: 8 மணிக்காரரும் 10 மணிக்காரரும் ஒருவரையொருவர் பார்க்காமலே வாழ்ந்துவிடலாம். ஆகவே விவேகமுள்ள பங்குகள் பெருவிழா நாள்களில் எல்லாரையும் ஒரே பீடத்தைச் சுற்றிக் கூட்டுகின்றன.

நமக்கு இதில் என்ன பாடம்?

அன்புக்குரியவர்களே, மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் பீடத்தைப் பற்றி ஓர் ஒழுங்கு தருகிறார். காணிக்கை செலுத்த வந்தபோது, சகோதரருக்கு நம்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவரோடு நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறார். பீடம் கிழக்கில் இருந்தாலும் நடுவில் இருந்தாலும், இந்த ஒழுங்கு மாறாது.

பீடத்தின் இடம் முக்கியமல்ல என்று நாம் சொல்லவில்லை. பீடம் கிறிஸ்துவைக் குறிக்கிறது. அதனால்தான் குருவானவர் அதை முத்தமிடுகிறார். திருவழிபாட்டு ஒழுங்குகளை நாம் மதித்துக் காக்க வேண்டும். ஆனால் ஒழுங்கு சரியாக இருந்தும் பங்கு உடைந்துபோனால், கிறிஸ்துவின் அடையாளத்தைச் சரியான இடத்தில் வைத்துவிட்டு, கிறிஸ்துவின் உடலாகிய மக்களைச் சிதற விட்டவர்கள் ஆவோம்.

நம் பங்குகளிலும் பீடத்தைப் புதுப்பிக்கும் பேச்சு எழலாம். கிராதியை எடுப்பதா வைப்பதா என்ற கேள்வி வரலாம். சுரூபத்தின் இடம், பாடகர் குழுவின் இடம், திருப்பலி நேரம் என்று எத்தனையோ வரும். அப்போது மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். இந்த மாற்றத்தின் காரணத்தை மக்களுக்குப் பொறுமையாக விளக்கினோமா? மறுப்பவர்களின் மனத்தில் இருக்கும் நினைவையும் பக்தியையும் கேட்டறிந்தோமா? கடைசியாக, முதலில் விட்டுக்கொடுப்பவர் நாமாக இருக்க ஆயத்தமா?

மூன்றாவது கேள்விதான் கடினமானது. கிரான்தம் குருவானவருக்கு 1627-இல் வந்த கடிதம் அதைத்தான் கேட்டது. அந்த மேசையை இழுத்தவர்களும் தடுத்தவர்களும் இன்று இல்லை. அவர்கள் அறியாமல் போன பாடம் மட்டும் நமக்காக மிஞ்சியிருக்கிறது.

இந்த ஒன்றிப்பு வாரத்தில் நம் ஆங்கிலிக்கன் சகோதரர்களுக்காகவும் சி.எஸ்.ஐ. சகோதரர்களுக்காகவும் செபிப்போம். ஒரே பீடத்தைச் சுற்றி நாம் எல்லாரும் நிற்கும் நாள் இன்னும் வரவில்லை. அந்த நாள் வரும்வரை, அவரவர் பீடத்தைச் சுற்றியாவது மனத்தாங்கல் இன்றி நிற்கும் அருளை ஆண்டவர் நம் அனைவருக்கும் தருவாராக. ஆமென்.